பெருந்தமனியின் குறுக்கே ஒரு கோடு

எங்கள் வேலையில் நோயாளிக்கு முன்பே நோயைப் பார்த்துவிடுவோம்; பார்த்ததைச் சொல்ல மட்டும் எங்களுக்கு உரிமை கிடையாது.

நான் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன். மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கும் ஸ்கேன் சென்டரில் வேலை. இதயத்திலிருந்து புறப்பட்டு, நெஞ்சுக்குள் ஒரு வளைவு வளைந்து, வயிறு வரை இறங்குகிற பெரிய ரத்தக் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். அது வீங்கியிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க, கையில் சாய மருந்தை ஏற்றி, அது குழாய்க்குள் ஓடுகிற சில நொடிகளுக்குள் படம் எடுப்போம். அதுதான் சி.டி. ஆஞ்சியோகிராம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே வாரியக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். அப்பா வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர். "என் பொண்ணு நெஞ்சுக்குள்ள போட்டோ புடிக்குது" என்று அவர் எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வேலை போனால் பிளாக்குக்கே நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்களும் முதல் வேலையில், ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில், ஒவ்வொரு பட்டனையும் அழுத்திவிட்டு, சரியாகத்தான் அழுத்தினோமா என்று இரண்டாம் தடவை பார்க்கிறவராக இருந்தால் நாம் உறவுக்காரர்கள். கீழே வருபவற்றில் ஒன்றில், நான் போட்ட ஒரு கோடு ஒரு அம்மாளின் நெஞ்சைத் திறக்க நாள் குறிக்கும் வரை கொண்டுபோய்விட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராக அதற்குப் போகத் தைரியம் வரவில்லை. அதனால் முன்னால் நடந்த சிலவற்றைச் சொல்லிக்கொண்டு மெல்லப் போகிறேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

நோயாளி படுத்திருக்கும் அறைக்கும் நான் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் நடுவே ஒரு தடிமனான கண்ணாடி. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அவரும் என்னைப் பார்ப்பார் என்பதை வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில்தான் புரிந்துகொண்டேன்.

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வயிற்றில் கை வைத்தால் ஏதோ துடிக்கிறது என்று வந்திருந்தார். சாயம் ஏறியது, படம் வந்தது. தொப்புளுக்கு மேலே குழாய் ஒரு சின்னத் தேங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். உயிருள்ள ஒருவருக்குள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே போய், மேஜையை இறக்கி, "முடிஞ்சுதுங்கய்யா, மெதுவா எழுந்திரிங்க" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பட்டனைப் போட்டபடி என்னையே பார்த்தார். "எப்பிடி கீது?" என்றார். "டாக்டர் பார்த்துட்டு நாளைக்கு ரிப்போர்ட் குடுப்பாங்க" என்றேன், சொல்லிக்கொடுத்தபடியே. அவர் சிரித்தார். "ரிப்போர்ட்டு நாளைக்கு வர்ட்டும் தாயி. உன் மூஞ்சி இன்னிக்கே சொல்லிக்கினு கீது."

சூடு

சாய மருந்து ஏறும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும். அது இடுப்புக்குக் கீழே வரும்போது சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். போயிருக்காது. இதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், கூச்சப்படாமல். கோபாலபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாதவர், பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நடையிலேயே தெரிந்தது. நான் சொன்னதை ஒரு கோப்பைப் படிப்பது போலக் கேட்டுத் தலையாட்டினார். ஸ்கேன் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எங்கள் நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் கை கொடுத்தும் வேண்டாம் என்றார். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?" என்றார். திரும்பிக்கொண்டோம். துணி உரசும் சத்தம். பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. "நீங்க முன்னாடியே சொன்னீங்க, ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு நிஜமா இருக்கும்னு சொல்லலையே."

வலது கை

நெஞ்சுப் பகுதிக்கு ஊசி போடும்போது முடிந்தவரை வலது கையில்தான் போடுவோம். இடது கையில் ஏற்றினால் அந்த மருந்து பெருந்தமனியின் வளைவுக்கு முன்னால் குறுக்கே கடந்து போகும். அடர்த்தியான மருந்து படத்தில் வெயில் பட்ட தகரம் மாதிரி கண்ணைக் கூசவைக்கும்; அதன் பின்னால் இருப்பது தெரியாது. நமக்குப் பார்க்க வேண்டியதே பின்னால்தான் இருக்கிறது.

தி. நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே இஸ்திரி போடுகிறவர் வந்தார். பெயர் மணி. இரண்டு கையிலும் பிரஷர் வேறு வேறாகக் காட்டியதால் டாக்டர் அனுப்பியிருந்தார். வலது கையை நீட்டச் சொன்னால் இடது கையை நீட்டினார். ஜெசிந்தா சிஸ்டர் மூன்று தடவை கேட்டார். அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். போன தடவை வேறு ஒரு இடத்தில் வலது கையில் ஊசி போட்டு, மருந்து வெளியே கசிந்து வீங்கி, எட்டு நாள் பெட்டி தூக்க முடியவில்லையாம். அது நடக்கக்கூடியதுதான். "நடக்காது" என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. "முதல்ல வெறும் உப்புத் தண்ணி விட்டுப் பார்க்கறோம். அது நல்லா ஓடினாத்தான் மருந்து. நான் பக்கத்துலயே நின்னு பார்க்கறேன்" என்றேன். அவர் கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, ஒரு பொருளை ஒப்படைப்பது போல மேஜைமேல் வைத்தார். "நெஞ்சுக்குள்ள இன்னா கீதுன்னு நீ பார்த்துக்கோ. பொட்டி புடிக்கிற கைய மட்டும் அப்பிடியே திருப்பிக் குடுத்துரு."

நிறம் மாறாத வட்டம்

மருந்து எப்போது குழாய்க்கு வந்து சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பெருந்தமனியின் மேல் திரையில் ஒரு சின்ன வட்டம் வைத்துவிட்டுக் காத்திருப்போம். அந்த வட்டத்துக்குள் வெளிச்சம் ஏறியதும் மெஷின் தானாகவே படம் எடுக்க ஆரம்பிக்கும். வட்டத்தைச் சரியாக வைத்தால் நம் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மதியம், ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று துணி காட்டுகிற சேகர் என்பவர் மனைவியோடு நடந்தே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலையிலிருந்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வலி. சோடா குடித்தார், வாயு மாத்திரை போட்டார், போகவில்லை. அவரைப் பார்த்த டாக்டர் வேறு எங்கும் நிற்காமல் நேராகப் போகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வட்டத்தை வைத்தேன். மருந்து போனது. பதினைந்து நொடி, பதினெட்டு, இருபது. வட்டம் கறுப்பாகவே இருந்தது. ஊசி கசிகிறதோ என்று கண்ணாடி வழியாகக் கையைப் பார்த்தேன், கசியவில்லை. மறுபடி திரையைப் பார்த்தபோது, வட்டத்தை ஒட்டி, அதே குழாயின் மற்றப் பாதி பளீரென்று வெள்ளையாகியிருந்தது. ஒரே குழாய்க்குள் இரண்டு வழி. உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து தனக்கென்று இன்னொரு பாதை போட்டுக்கொண்டிருக்கிறது. என் வட்டம் அந்தக் கள்ளப் பாதையின் மேல் உட்கார்ந்திருந்தது. அங்கே மருந்து மெதுவாகத்தான் வரும். மெஷினுக்காகக் காத்திருந்தால் நல்ல பாதையில் மருந்து வடிந்து போயிருக்கும். கையால் அழுத்திப் படத்தை ஓடவிட்டேன்.

எங்கள் ரேடியாலஜிஸ்டை எல்லோரும் டாக்டர் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து திரையைப் பார்த்த ஐந்தாவது நொடியில் போன் எடுத்தார். இதய அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குச் சொல்லி, ஆம்புலன்ஸ் வந்து, சேகரை மேஜையிலிருந்து அப்படியே ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினோம். அவர் என்ன ஆனார் என்பது எனக்கு இன்று வரை தெரியாது. அதை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் கடமை இல்லை. வாசலில் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனைவி கேட்டது மட்டும் காதிலேயே இருக்கிறது. "கேஸ் டிரபிள்னுதானே வந்தோம்? நீங்க எல்லாரும் ஏன் இப்படி ஓடறீங்க?"

மாமியின் மார்க்

படம் எடுப்பதோடு என் வேலை முடியாது. பிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, குழாயின் குறுக்கே கோடு போட்டு, அகலத்தை அளந்து, அட்டவணையில் போட்டு வைப்பேன். டாக்டர் மேடம் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்த அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷின் உடம்பைத் தட்டையாகத்தான் நறுக்கும். குழாயோ வளைந்து போகிறது. வாழைக்காயை நேராக நறுக்கினால் வட்டம், சாய்த்து நறுக்கினால் நீண்ட வில்லை. காய் அதேதான், வில்லைதான் பெரிசு. அதனால் குழாய் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்குத் தக்கபடி படத்தைத் திருப்பி, குழாய்க்கு நேர் குறுக்கே கோடு போட வேண்டும். இதற்குக் கூடுதலாக நாலைந்து நிமிடம் ஆகும்.

அபிராமபுரத்திலிருந்து ராஜலக்ஷ்மி என்ற அம்மாள் வந்தார். அறுபத்தைந்து வயது. வீட்டிலேயே ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். "மாமின்னே கூப்பிடு, மேடம்னா எனக்கு யாரையோ கூப்பிடறாப்ல இருக்கு" என்றார். இதயத்திலிருந்து கிளம்பும் இடத்தில் அவருக்குக் குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும். போன வருஷம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது எடுத்ததில் நாலு புள்ளி எட்டு சென்டிமீட்டர். அந்தப் படங்கள் இல்லை, காகிதம் மட்டும் கொண்டுவந்திருந்தார். ஐந்தரையைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள் என்பது மாமிக்கும் தெரியும். "ஏண்டிம்மா கலை, பார்டர்ல இருக்கிற பையனுக்குப் போடறாப்ல பார்த்துப் போடு" என்று என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துச் சொல்லிக்கொண்டே படுத்தார்.

அன்று காலை மெஷின் குளிர்விப்பானில் ஏதோ கோளாறு. இரண்டு மணி நேரம் எல்லாமே தள்ளிப் போனது. வெளியே நாற்காலி இல்லாமல் ஆட்கள் நின்றார்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மாமியின் அளவு ஐந்து புள்ளி ஆறு என்று வந்தது. அட்டவணையில் போட்டேன். டாக்டர் மேடம் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மாமி ரிப்போர்ட்டை வாங்கி, கவரை அங்கேயே பிரித்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைவிட நன்றாக முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். காகிதத்தை மடித்துக் கவருக்குள் திருப்பி வைத்தார். "முப்பது வருஷமா யாருக்காவது மார்க் ஏறாதான்னு பாடுபட்டிருக்கேன். ஏறப்படாத மார்க் ஒண்ணு எனக்கு ஏறியிருக்கு பாரு."

சிடி கேட்டு வந்தவர்

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாமியின் கணவர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் துணிப்பை. ஒரே வருஷத்தில் இவ்வளவு ஏறியிருப்பதால் காத்திருக்க வேண்டாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். நெஞ்செலும்பைப் பிளந்து, வீங்கிய இடத்தை வெட்டியெடுத்து, செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பார்கள். "படத்தையும் பார்க்கணும்கறார், சிடி போட்டுத் தரியா?" என்றார்.

சிடித் தட்டில் பதிவு செய்வதற்கு முன்னால் படங்களைத் திறந்து ஒருமுறை பார்ப்பது வழக்கம். திறந்தேன். என் கோடு இருந்தது. குழாய் ஒரு பக்கம் வளைந்து போக, படத்தைத் திருப்பாமலேயே, தட்டையான நறுக்கின் மேல் நான் கோடு போட்டிருந்தேன். நீண்ட வில்லையின் நீளத்தை அளந்திருந்தேன். படத்தைத் திருப்பி மறுபடி அளந்தேன்: நாலு புள்ளி ஒன்பது. இன்னொரு தடவை: நாலு புள்ளி ஒன்பது. மூன்றாவது தடவையும் ஐந்துக்கு மேலே போகவில்லை. மாமிக்கு ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஒன்றுமே ஏறவில்லை.

மாமா கவுன்டருக்கு அந்தப் பக்கம், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு அடி எடுத்து வைத்துச் சொல்லியிருக்கலாம். ரிசல்ட்டை நாங்கள் சொல்லக் கூடாது என்ற விதி எனக்கு அப்போது ரொம்ப வசதியாக ஞாபகம் வந்தது. டாக்டர் மேடத்தின் அறைக்குப் போயிருக்கலாம்; அதுவும் இருபது அடிதான். அந்த மாதக் கடைசியில் என் தகுதிகாண் கடிதம் வர வேண்டியிருந்தது, அதுவும் ஞாபகம் வந்தது. சிடியை உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ்மா. உங்களாலதான் வேளையோட தெரிஞ்சுது."

மந்தைவெளி வரை

சாயங்காலம் ஜெசிந்தா சிஸ்டரும் நானும் மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் வரை சேர்ந்து நடப்போம். அன்று பாதி வழியில் அவரிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். பழக்கடைக்காரர் எங்களை வாடிக்கை என்று நினைத்துப் பையை எடுத்தார். "சிடி குடுத்துட்டல்ல? சர்ஜன் தானே அளந்து பார்ப்பாரு. அவங்களுக்கு நம்ம அட்டவணை மேலல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார். நானும் அதைத்தான் மதியத்திலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாயால் கேட்டபோது அது அவ்வளவு நன்றாக இல்லை.

"அளந்து பார்ப்பாருல்ல சிஸ்டர்?" என்றேன். அவர் ஸ்டாண்டை நோக்கி நடையைக் கூட்டினார். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். "பார்ப்பாரு. பார்க்காம விட்டாருன்னா என்னன்னு மட்டும் என்னைக் கேக்காத கலை, எனக்கு இன்னிக்குத் தூக்கம் வரணும்."

கையெழுத்து

மறுநாள் காலை டாக்டர் மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், "மேடம், ராஜலக்ஷ்மி மாமியோட அளவு தப்பு. நான் சாய்ச்சு அளந்துட்டேன்" என்று மட்டும் வந்தது. அவர் கைப்பையைக்கூட வைக்காமல் படத்தைத் திறந்தார். தானே திருப்பினார், தானே அளந்தார். நாலு புள்ளி ஒன்பது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி அளந்தார்.

"எப்போ பார்த்தே?" என்றார். "நேத்து மதியம் மேடம்." "நேத்து மதியம் பார்த்ததை இன்னிக்குக் காலையில சொல்றியா?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. சர்ஜனுக்குப் போன் செய்தார். சிடி வந்துவிட்டது, அன்று மாலை உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தது என்று அவர் சொன்னாராம். பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை. போனை வைத்துவிட்டு மேடம் பழைய ரிப்போர்ட்டை மேஜைமேல் எடுத்துப் போட்டார். "அப்போ என் வேலை, மேடம்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தின் அடிப்பகுதியைத்தான் பார்த்தார். "கோடு நீ போட்டது. கையெழுத்து நான் போட்டது. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம், இப்போ அவங்க நம்பரைப் போடு."

நீள்வட்டம்

அன்று மாலையே மாமியும் மாமாவும் வந்தார்கள். டாக்டர் மேடம் இருவரையும் உட்காரவைத்து, தப்பு எங்களுடையது, அளவு நாலு புள்ளி ஒன்பதுதான், சர்ஜனும் ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்கிறார் என்று ஒளிக்காமல் சொன்னார். நானும் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். கதவருகே நின்றேன். மாமா எழுந்துவிட்டார். "நெஞ்சைப் பொளந்திருப்பாளே! பத்து நாள் தள்ளித் தெரிஞ்சிருந்தா யார் பதில் சொல்வா?" மாமி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படித் தப்பாச்சு? எனக்குச் சொல்லு" என்றார். நான் ஒரு காகிதத்தில் குழாய் வரைந்து, குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட்டேன். முடிப்பதற்குள் அவர் பென்சிலை வாங்கி, அந்த வெட்டின் வடிவத்தைப் பக்கத்திலேயே வரைந்தார். அழகான நீள்வட்டம். "உருளையைச் சாய்ச்சு வெட்டினா இதுதான் வரும். என் பசங்க தூக்கத்துல சொல்லுவா" என்றார்.

அந்தப் பசங்களை இந்த இரண்டு வாரத்தில் வேறு டீச்சரிடம் அனுப்பிவிட்டாராம், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. மகளை லீவு போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பீரோ சாவி எது எதற்கு என்று மாமாவுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, பட்டியல் மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு, "சரி, எப்படியோ நீயே கண்டுபிடிச்சியே" என்றார். அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நேத்தே கண்டுபிடிச்சிட்டேன் மாமி. மாமா கையில சிடி குடுக்கறதுக்கு முன்னாடியே. பயந்துட்டு சொல்லாம குடுத்துட்டேன்" என்றேன்.

மாமா தரையைப் பார்த்தார். டாக்டர் மேடம் ஜன்னலைப் பார்த்தார். மாமி மட்டும் என்னைப் பார்த்தார், விடைத்தாளில் அடித்துத் திருத்திய இடத்தைப் பார்ப்பது போல, ரொம்ப நேரம். பிறகு நீள்வட்டம் வரைந்த காகிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "இதையும் சொன்னே பாரு, அதுக்கு நீ நன்னா இருப்பே. ஆனா கலை, அடுத்த வருஷம் ஸ்கேன் நான் வேற எடத்துலதான் எடுத்துப்பேன்."

மாதக் கடைசியில் கடிதம் வந்தது: என் தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போது எங்கள் சென்டரில் பெருந்தமனியை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப் போனால்தான் அட்டவணைக்குப் போகும். அப்பாவிடம் நீட்டிப்பைப் பற்றி மட்டும் சொன்னேன்; காரணத்தைச் சொல்ல இன்னும் இரண்டு பஸ் தூரம் தைரியம் தேவைப்படுகிறது.

இனிமேல் உன்னிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒருவர் தன் காலாலேயே படியிறங்கிப் போவதைப் பார்த்து நிம்மதிப்படுகிற தொழில், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.